ஸலாம் கொடுக்கத் திரும்பாத கழுத்து



பக்கவாதத்தால் படுத்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால், நலம் விசாரிக்க வருவோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். கை தூக்குகிறாரா? கால் ஊன்றுகிறாரா? அன்பினால் கேட்கிறார்கள், அதில் குறை காண ஏதுமில்லை. மருத்துவமனையிலும் முதல் வாரங்களில் கவனமெல்லாம் கை, கால், பேச்சு, விழுங்குதல் ஆகியவற்றின் மேல்தான். கழுத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நாம் இங்கே எழுதப் போவது அந்தக் கழுத்தைப் பற்றி. அதிலும் தலையோட்டுக்கு நேர்கீழே பிடரிக்குள் மறைந்திருக்கும் இரண்டு மூட்டுகளைப் பற்றி.

எங்கள் வாப்பாவுக்கு 74 வயதில் மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் கட்டி அடைத்து, இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. உம்மாவும் மக்கள் மூவருமாக முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம். நான்கு மாதங்களில், அல்லாஹ்வின் கிருபையால், கோலூன்றிக் கூடத்தைக் கடக்கும் அளவுக்கு வந்துவிட்டார். கால் நிலைக்கத் தொடங்கிய பிறகுதான் கழுத்து வலி தலைகாட்டியது. இடக்காதுக்குப் பின்னே, மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு விரல் வைத்துக் காட்டுவார். காலையில் எழும்போது அதிகம். சில நாட்களில் அங்கிருந்து உச்சந்தலை வரை ஏறும். ரத்த அழுத்தம் என்றார் ஒருவர், வாயு என்றார் இன்னொருவர். மறுபடியும் அடைப்பு வந்துவிட்டதோ என்று உம்மா கலங்கினார்.

தொழுகையில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. நாற்காலியில் அமர்ந்து தொழுபவர் முடிவில் வலப்பக்கம் ஸலாம் சொல்லும்போது முகம் தோள்வரை எளிதாகத் திரும்பும். இடப்பக்கம் வரும்போதோ மூக்கு நடுக்கோட்டைச் சற்றே தாண்டி நின்றுவிடும். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்போடு சேர்த்து உடம்பையே திருப்புவார். முகத்தில் வலி தெரியும். பர்ளும் ஸுன்னத்துமாக ஒரு நாளில் எத்தனை ஸலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. கீழுள்ள ஐந்தும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. மேலுள்ள இரண்டும் வேறு வகை. முதல் எலும்பு ஒரு வளையம். அதன் மேல்தான் நான்கைந்து கிலோ எடையுள்ள தலை அமர்ந்திருக்கிறது. வானத்தைச் சுமக்கும் கிரேக்கக் கதைமாந்தரின் பெயரால் மருத்துவர்கள் அதை அட்லஸ் என்கிறார்கள். இரண்டாம் எலும்பிலிருந்து பல் போன்ற ஒரு முனை மேல்நோக்கி எழுந்து வளையத்துக்குள் நிற்கிறது. ஒரு தசைநார் அதைப் பின்னிருந்து கட்டிப் பிடித்திருக்கிறது. 'ஆம்' என்று தலையசைக்கும் அசைவு பெரும்பாலும் தலைக்கும் வளையத்துக்கும் இடையே நிகழ்கிறது. 'இல்லை' என்று தலையைத் திருப்பும்போது வளையம் அந்த முனையைச் சுற்றிச் சுழல்கிறது. கழுத்து மொத்தமாகத் திரும்பும் அளவில் ஏறத்தாழ பாதி இந்த ஒரே இடத்தில் கிடைக்கிறது. ருகூவில் தலை தாழ்வதும் ஸலாமில் முகம் திரும்புவதும் இந்த இரண்டு மூட்டுகளின் வேலை. மற்ற கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ளதுபோல இவற்றுக்கிடையே மெத்தை வட்டு கிடையாது. வயது ஏற ஏற மூட்டின் வழவழப்பு தேய்ந்து, எலும்பு எலும்போடு உரசத் தொடங்கும். முழங்கால் தேய்மானம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பிடரிக்குள்ளும் அதே தேய்மானம் உண்டு என்பது பலருக்கும் தெரியாது.

பக்கவாதம் இந்தத் தேய்மானத்தை உண்டாக்குவதில்லை. பல ஆண்டுகளாக ஓசையின்றி இருந்ததை வெளியே கொண்டுவருகிறது. அது எப்படி என்பதை இயன்முறைச் சிகிச்சை அளிக்க வீட்டுக்கு வரும் சகோதரி எங்களுக்கு விளக்கினார். வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டோரில் பலருக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. கண் நன்றாகத்தான் இருக்கும். மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் கொள்வதில்லை. வாப்பாவின் தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே மிஞ்சும். தமிழ் நாளிதழை வாசிக்கும்போது வரியின் தொடக்கச் சொற்களை விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்குவார். செய்தி புரியவில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுவார். குர்ஆன் ஓதும்போது நேர்மாறு. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தல்லவா? வரியின் தொடக்கம் சரியாக வரும். இட ஓரத்துச் சொற்கள் விடுபட்டு அடுத்த வரிக்குத் தாவுவார். மனனமாக உள்ள சூராக்களில் நாவு தானாகவே ஓதி முடித்துவிடும். மற்ற இடங்களில் திகைத்து நிற்பார். இப்படி ஒருவருடைய உலகம் முழுவதும் வலப்பக்கத்துக்கு ஒதுங்கிவிட்டால், தலையும் நாள் முழுவதும் வலப்பக்கமே திரும்பியிருக்கும். மாதக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பி நின்ற மூட்டு மறுபக்கம் திரும்ப மறுப்பதில் வியப்பில்லை.

தோள் இன்னொரு காரணம். தோள்பட்டையைத் தூக்கிப் பிடிக்கும் தசைகளில் ஒன்று கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து இறங்கி வருகிறது. வலுவிழந்த கை கீழே தொங்கத் தொங்க, அதன் பாரம் அந்தத் தசை வழியாக மேலே பிடரி வரை இழுக்கிறது. ஆகவே பக்கவாதம் வந்தவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் தோளைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை வைப்பது சிறிய செயல்தான். எங்கள் வீட்டில் வலி குறைந்ததற்கு மாத்திரையைவிட அதுவே அதிகம் உதவியதாக நாங்கள் நினைக்கிறோம்.

மூன்றாவது, விழுதல். பக்கவாதம் தாக்கும் கணத்தில் பலர் விழுகிறார்கள். முதியவர்களுக்கு உயரத்திலிருந்து விழ வேண்டியதில்லை. நின்ற நிலையிலிருந்து முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ விழுந்து தலை தரையில் மோதினாலே, மேலே சொன்ன பல் போன்ற முனை முறியக்கூடும். கை கால் விழுந்துவிட்ட பரபரப்பில் அது கவனத்துக்கு வராமலே போவதுண்டு. வாப்பாவும் சுபுஹுக்கு ஒளு செய்யும்போது குழாயடியில்தான் விழுந்தார்.

இந்த நிலையில்தான் சாச்சாவுடன் ஒரு மனத்தாங்கல் ஏற்பட்டது. வாப்பாவுக்கு அவர் ஒரே தம்பி; அண்ணன்மேல் உயிரானவர். பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார், ஓதி ஊதி எண்ணெய் தடவி ஒரே திருப்பில் கழுத்தைச் சரிசெய்துவிடுவார் என்று நாளும் நேரமும் பேசிவிட்டே வந்தார்.

"நாப்பது வருசமா எடுக்குறாரு. ஒருத்தருக்காவது ஒண்ணு ஆயிருக்கா?" என்றார்.

"ஓதட்டும் சாச்சா, எண்ணெயும் தடவட்டும். கழுத்தை மட்டும் திருப்ப வேணாம்," என்றார் எங்கள் ராத்தா.

"அப்ப நான் எங்க காக்காவுக்குக் கெடுதல் செய்ய வந்திருக்கேன், அப்படித்தானே?"

அதற்குமேல் பேச்சு வளரவில்லை. சாச்சா எழுந்து போனார்; இரண்டு வாரம் வரவில்லை. வாப்பா ஒவ்வொரு மாலையும் வாசலைப் பார்த்தபடி இருந்தார். எங்களுக்கு அது எளிதாக இல்லை. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம் இருந்தது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நான்கு பெரிய குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. முதல் எலும்பான வளையத்தின் மேல் அவை வளைந்து சுற்றிக்கொண்டு தலையோட்டுக்குள் நுழைந்து, மூளைத் தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் தருகின்றன. கழுத்தை வேகமாக முறுக்கும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, புதிதாக ஒரு பக்கவாதமே வரக்கூடும். அரிதுதான், வயதில் இளையவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை அடைப்பு வந்த, குழாய்கள் தடித்துப்போன முதியவரிடம் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க எவருக்கும் உரிமையில்லை. முனை முறிந்தோ தசைநார் தளர்ந்தோ இருந்தால் ஒரே திருப்பில் தண்டுவடமே நசுங்கலாம். வாப்பாவைப் போல ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவருக்கு உள்ளே கசியும் ரத்தமும் எளிதில் நிற்காது. முடிதிருத்தும் கடைகளில் கடைசியாகத் தலையைப் பிடித்து 'டக்' என்று நெட்டி எடுப்பார்களே, அதற்கும் இதே பதில்தான். எங்கள் வீட்டுப் பெரியவருக்கு இப்போது முடிவெட்டுவது வீட்டிலேயே நடக்கிறது.

ஓதிப் பார்ப்பதை நாங்கள் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். வலிக்கும் இடத்தில் மென்மையாகக் கைவைத்து துஆ ஓதுவது நபிவழியில் உள்ளதே. உம்மா இரவு தோறும் அதைச் செய்கிறார். கைவைப்பது வேறு, முறுக்குவது வேறு.

நரம்பியல் மருத்துவர் பொறுமையானவர். முதலில் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. வலக்கையைப் பற்றிக் கேட்டார். நல்ல கையில் புதிதாக மரமரப்பு உண்டா, சட்டைப் பொத்தான் போடுவதில் தடுமாற்றம் உண்டா, கழுத்தைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வதுபோல இருக்கிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா, நன்றாகி வந்த நடை மறுபடி தள்ளாடுகிறதா? இவை தண்டுவடம் நெருக்கப்படுவதன் அறிகுறிகள். பக்கவாதம் வந்த வீட்டில் இவற்றையெல்லாம் 'அந்த நோயின் மிச்சம்' என்று ஒதுக்கிவிடுவார்கள், அதுதான் ஆபத்து என்றார். முடக்குவாதம் எனப்படும் மூட்டழற்சி பல்லாண்டுகளாக உள்ளதா என்றும் கேட்டார். அந்நோய் முனையைக் கட்டியிருக்கும் தசைநாரைத் தளர்த்திவிடக்கூடியது. பிறகு வாயைத் திறக்கச் செய்து முன்னிருந்து ஓர் எக்ஸ்ரே, பக்கவாட்டில் ஒன்று, அதன்பின் சி.டி. ஸ்கேன். வாயைத் திறந்தால்தான் பற்களின் நிழல் விலகி மேல் இரண்டு எலும்புகளும் தெரியுமாம்.

அல்ஹம்துலில்லாஹ், முறிவு இல்லை. முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவே இடப்புற மூட்டு நன்கு தேய்ந்திருந்தது. அறுவை தேவையில்லை என்றார். வலிக்குப் பாராசிட்டமாலை அளவோடு எழுதித் தந்தார். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். அவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், ஐபுப்ரூஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். கழுத்துப் பட்டை கேட்ட உம்மாவிடம், நெடுநாள் அணிந்தால் தசை இன்னும் வலுவிழக்கும் என்று மறுத்துவிட்டார். வலி திடீரெனக் கடுமையாக வந்தாலோ, அதோடு தலைசுற்றல், பொருள் இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல் சேர்ந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். கழுத்து வலியோடு காய்ச்சல் வந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்றார்.

மருத்துவம் இத்துடன் ஒருவாறு முடிந்தது. ஆனால் வாப்பாவின் கவலை வேறாக இருந்தது. இடப்பக்கம் முழுதாகத் திரும்பாமல் கொடுத்த ஸலாம் செல்லுமா, இத்தனை நாள் தொழுதவற்றை களா செய்ய வேண்டுமா என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. சில நாட்கள் தொழுததையே மீண்டும் தொழுததையும் கவனித்திருக்கிறோம். பள்ளிவாசல் இமாமை வீட்டுக்கு அழைத்தோம். அவர் வாப்பாவின் அருகே அமர்ந்து நிதானமாகச் சொன்னார். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் முதல் ஸலாமைச் சொல்வதுதான் தொழுகையின் கட்டாயக் கடமை; இரண்டாம் ஸலாம் ஸுன்னத்; இரு பக்கமும் முகத்தைத் திருப்புவதும் ஸுன்னத். ஹனஃபி மத்ஹபில் இரு ஸலாமையும் நாவால் சொல்வது வாஜிப் என்றாலும், முகம் திருப்புவது அங்கும் ஸுன்னத்துதான். வாப்பா உயிரைக் கொடுத்துத் திரும்பியதெல்லாம் அந்த இரண்டாம் ஸலாமுக்காக! மேலும் ஒன்றைச் சொன்னார்: கழுத்து வராதவர்கள் உடம்பைத் திருப்பப் பழகிவிடுகிறார்கள், முதல் ஸலாமைச் சொல்லி முடிக்கும் வரை நெஞ்சு கிப்லாவை நோக்கியிருக்க வேண்டும், ஆகவே உடம்பைத் திருப்ப வேண்டாம், முகம் எவ்வளவு வருமோ அவ்வளவு போதும்.

ருகூவுக்கும் ஸஜ்தாவுக்கும் நாற்காலியில் இருந்தபடி குனிந்து சைக்கை செய்வது, ஸஜ்தாவுக்கு ருகூவைவிடச் சற்று அதிகம் குனிவது, தலையும் அசையாதவருக்குக் கண்ணிமை, அதுவும் இயலாதவருக்கு உள்ளம் என்று ஷாஃபிஈ நூல்கள் படிப்படியாக இறங்கி வருவதை விளக்கினார். மூல நோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் அமர்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளதை நினைவூட்டினார். வாப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப களா இல்லையா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் வலக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மார்க்கத் தீர்வு, மருந்து தராத ஒன்றைத் தந்தது என்பது எங்கள் துணிபு. வலியோடு முறுக்குவது நின்ற பிறகுதான் கழுத்துக்கு ஓய்வே கிடைத்தது.

சைக்கை செய்யும் முறையில் இயன்முறைச் சகோதரி ஒரு திருத்தம் சொன்னார். தாடையை நெஞ்சில் இடித்துக் கழுத்தை மட்டும் மடக்காமல், இடுப்பிலிருந்து குனிய வேண்டும். தலை முதுகோடு சேர்ந்தே இறங்க வேண்டும். வாப்பாவுக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. குர்ஆன் வைக்கும் மரப்பலகையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல், கண்ணுக்கு நேராக வைத்தோம். முஸ்ஹஃபின் இட ஓரத்தில் ஒரு சிவப்பு நாடாவைத் தொங்கவிட்டு, நாடா கண்ணில் படும் வரை வரி முடியவில்லை என்று பழக்கினோம். நோயாளியின் புறக்கணிக்கப்பட்ட பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அவர் அந்தப் பக்கம் திரும்பப் பழகுவார் என்பது பொதுவான வழிமுறை. வலியுள்ள கழுத்துக்கு அதையே சற்று மாற்றி, நேர் இடப்பக்கத்தில் இல்லாமல் முன்பக்கமாக நகர்ந்து, கடிகாரத்தில் பத்து மணி முள் காட்டும் இடத்தில் நாற்காலியைப் போடச் சொன்னார். வலி வரும் எல்லைக்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். யாரும் தலையைப் பிடித்துத் திருப்பக்கூடாது, அவரே திரும்ப வேண்டும்.

தலையணை இரண்டு இருந்ததை ஒன்றாக்கினோம். ஒளுவின்போது வாய் கொப்பளிக்கத் தலையை அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தைத் தவிர்க்கிறார். தண்ணீரோ கஞ்சியோ கொடுக்கும்போது தாடை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும் என்று விழுங்கும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அண்ணாந்த வாயில் ஊற்றுவது புரையேறி நுரையீரலுக்குப் போகும் வழி. வருகிறவர்கள் பாசத்தோடு ஸம்ஸம் தண்ணீரை அண்ணாந்த வாயில் ஊற்ற முனைவதுண்டு. உம்மா சிரித்தபடியே கரண்டியை வாங்கிக்கொள்வார்.

மூன்றாம் வாரத்து வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து சாச்சா வந்தார். எவரும் பழையதைப் பேசவில்லை. ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பல்லு மாதிரி நிக்கிறதுதானா அது?" என்று கேட்டார். ஆம் என்றோம். படத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பத்து மணி இடத்தில் கிடந்த நாற்காலியில் போய் அமர்ந்து, அந்த வாரம் மீன் என்ன விலைக்குப் போனது என்று காக்காவிடம் சொல்லத் தொடங்கினார்.

இப்போது வாப்பாவின் முகம் இடப்பக்கம் முன்னைவிட இரண்டு விரற்கடை கூடுதலாகத் திரும்புகிறது. மழைக்கால விடியல்களில் வலி இன்னும் வருகிறது.